புலி வேட்டைக்காரர், கென்யாவில் இளவரசிக்குக் காவல்: ஜிம் கார்பெட் கதை சொல்லும் சஃபாரி ரகசியம்

ஆப்பிரிக்கா சஃபாரி போகணும்னு தேடிப் பார்த்தால் இரண்டு வகைப் பயணங்கள் கண்ணில் படும். ஒன்று, கூட்டத்தோடு வண்டியில் ஏறிச் சுற்றிவருவது. இன்னொன்று, நமக்கென்று தனி வழிகாட்டியை அமர்த்திக்கொள்வது. இரண்டாவதற்குச் செலவு அதிகம். அந்த வழிகாட்டி அப்படி என்னதான் செய்கிறார்? இந்தக் கேள்விக்கு நல்ல விடை, நைனிடாலில் பிறந்து கென்யாவில் மறைந்த ஜிம் கார்பெட்டின் வாழ்க்கையில் இருக்கிறது.

சஃபாரி எப்படித் தொடங்கியது?

சஃபாரி என்றதும் நமக்கு வண்டலூர் சிங்க உலாவோ, முதுமலை வேன் சவாரியோதான் நினைவுக்கு வரும். கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலி மொழியில் அந்தச் சொல்லுக்குப் பயணம் என்றுதான் பொருள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வசதியான வெள்ளையர்கள் துப்பாக்கியோடு வந்து இறங்கியதும், அது வேட்டைப் பயணத்தின் பெயராகிவிட்டது.

1909இல், பதவியிலிருந்து இறங்கிய கையோடு அமெரிக்க முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் மகனுடன் அங்கே போனார். அப்பாவும் மகனும் சுட்ட பெரிய விலங்குகள் மட்டும் 500க்கு மேல். கூடாரம், சாப்பாடு, சுமை தூக்கும் ஆட்கள் என எல்லாவற்றையும் ஏற்பாடு செய்துதர நைரோபியில் நிறுவனங்களே உருவாகின. தடம் பார்த்துச் சொன்னவர்கள் பெரும்பாலும் உள்ளூர் ஆப்பிரிக்கர்கள். பெயரும் சம்பளமும் போனது வெள்ளைக்கார வேட்டைக்காரருக்கு. விருந்தாளி குறி தவறி, காயம்பட்ட விலங்கு பாய்ந்து வந்தால், நடுவில் போய் நிற்க வேண்டியது அவர் பொறுப்பு.

காட்டைப் படிக்கக் கற்ற சிறுவன்

கார்பெட் 1875 ஜூலை 25 அன்று நைனிடாலில் பிறந்தார். அப்பா அந்த ஊர் போஸ்ட் மாஸ்டர். வீடு நிறையப் பிள்ளைகள். ஆறு வயது நிரம்பும் முன்பே அப்பா இறந்துவிட, அம்மாதான் குடும்பத்தைத் தாங்கினார். குளிர்காலத்தில் குடும்பம் மலையிலிருந்து இறங்கி காலாதுங்கி வந்துவிடும். வீட்டைச் சுற்றிலும் காடு.

அங்கே அவருக்கு வாத்தியார்களில் ஒருவர் குன்வர் சிங். திருட்டு வேட்டை ஆடுபவர்தான், ஆனால் காட்டை அவ்வளவு நன்றாக அறிந்தவர். மண்ணில் பதிந்த காலடி எப்போது பட்டது, மான் எதைப் பார்த்துக் கத்துகிறது, குரங்கு எந்தப் பக்கம் பார்த்து எச்சரிக்கிறது என்று சிறுவன் கார்பெட் கற்றுக்கொண்டார். பிற்காலத்தில் உயிரைக் காப்பாற்றியது இந்தப் படிப்புதான்.

பிழைப்புக்கு ரயில்வே வேலை. பீகாரின் மொகாமே காட்டில், கங்கைக் கரையில் சரக்கு மாற்றி ஏற்றும் ஒப்பந்ததாரராக சுமார் 20 ஆண்டுகள் இருந்தார்.

436 உயிர்கள்... பிறகு அந்தப் பல்

1907இல் குமாயுன் மலையில் சம்பாவத் பெண் புலியைச் சுடும் பொறுப்பு அவரிடம் வந்தது. நேபாளத்திலும் இந்தியாவிலுமாக அது 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. கார்பெட் இரண்டு நிபந்தனை போட்டார். அறிவித்த பரிசுத் தொகையை ரத்து செய்யணும், மற்ற வேட்டைக்காரர்களைத் திரும்பப் பெறணும். காசுக்காகச் சுட்டார் என்ற பேச்சு வரக்கூடாது, வேறொருவர் குண்டு தவறித் தன்மேல் பாயவும் கூடாது.

புலி விழுந்த பிறகு அதன் வாயைப் பார்த்தார். வலப்பக்கத்துக் கோரைப் பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. எப்போதோ யாரோ சுட்ட துப்பாக்கிக் காயம். இயல்பான இரையைப் பிடிக்க முடியாமல் போனதால்தான் புலி மனிதர்களிடம் வந்தது என்று அவர் முடிவுக்கு வந்தார்.

1926 மே மாதம், கேதார்நாத், பத்ரிநாத் யாத்திரை வழியில் 125 பேரைக் கொன்ற ருத்ரபிரயாகை சிறுத்தையையும் அவர்தான் சுட்டார்.

துப்பாக்கியிலிருந்து கேமராவுக்கு

1920களில் நண்பர் விண்டாமுடன் சேர்ந்து தான்கனிகாவில், அதாவது இன்றைய தான்சானியாவில், காபித் தோட்டத்தில் பணம் போட்டார். அந்தத் தொடர்பில் ஆப்பிரிக்கக் காடுகளும் பழகின. இந்தியாவில் எஃப்.டபிள்யூ. சாம்பியன் என்ற வன அதிகாரி, புலியே கம்பியை மிதித்துத் தன்னைப் படம் எடுத்துக்கொள்ளும் வித்தையைச் செய்துகாட்டியிருந்தார். அந்தப் படங்கள் கார்பெட்டை மாற்றின. அவரும் கேமரா வாங்கினார்.

உடனே துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டார் என்று நினைக்க வேண்டாம். அதற்குப் பிறகும் வைஸ்ராய் லின்லித்கோவுக்காகப் புலி வேட்டைகளை ஏற்பாடு செய்து தந்தார். அதே காலத்தில் காட்டைக் காக்கணும் என்று எழுதினார், பள்ளிகளில் பேசினார். 1936இல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா ஹெய்லி என்ற பெயரில் அமைந்தது. அதற்கும் துணை நின்றார்.

அத்திமரத்தில் ஓர் இரவு

1947 நவம்பரில் அக்கா மேகியுடன் இந்தியாவை விட்டுக் கிளம்பி, கென்யாவின் நியேரி ஊரில் குடியேறினார். பக்கத்திலேயே, அத்திமரத்தின்மேல் கட்டிய ட்ரீடாப்ஸ் விடுதி. இரவெல்லாம் மேலே உட்கார்ந்து, நீர் குடிக்க வரும் விலங்குகளைப் பார்க்கலாம்.

1952 பிப்ரவரி 5 அன்று இளவரசி எலிசபெத் கணவருடன் அங்கே வந்தபோது, மரத்தருகே யானைக்கூட்டம் நின்றிருந்தது. விருந்தினருடன் இருக்க அழைக்கப்பட்ட கார்பெட்டுக்கு அப்போது 76 வயது. இரவு முழுக்கத் துப்பாக்கியோடு ஏணி உச்சியில் காவல் இருந்தார். அந்த இரவில் இங்கிலாந்தின் சாண்ட்ரிங்காம் மாளிகையில் மன்னர் ஆறாம் ஜார்ஜ் தூக்கத்தில் இறந்துபோனார். மரத்தில் ஏறிய இளவரசி, அரசியாக இறங்கியது இப்படித்தான்.

ஆனால் அந்த நிலத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. அது கிக்குயு மக்களின் மண். வெள்ளையர்கள் நிலத்தைப் பறித்ததை எதிர்த்து மாவ் மாவ் கிளர்ச்சி வெடித்தது. 1952 அக்டோபரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. 1954இல் ட்ரீடாப்ஸ் எரிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 19 அன்று கார்பெட் நியேரியில் காலமானார். கல்லறையும் அங்கேதான். 1957இல் ஹெய்லி பூங்காவுக்கு அவர் பெயர் வைத்தது சுதந்திர இந்தியா.

இன்றைக்கு இதில் நமக்கு என்ன?

கென்யா 1977இல் வேட்டைக்கு முழுத் தடை போட்டது. இப்போது அங்கே சஃபாரி என்றால் பார்ப்பதும் படமெடுப்பதும்தான். வழிகாட்டியின் அடிப்படை வேலை மட்டும் மாறவில்லை. தடத்தையும் சத்தத்தையும் படிக்கணும், விலங்கு எவ்வளவு தூரத்தில் பொறுமை இழக்கும் என்று தெரியணும், அதற்கு முன் வண்டியைத் திருப்பணும்.

இன்னொன்று, அன்று பெயரில்லாமல் தடம் பார்த்துச் சொன்னவர்களின் பேரப்பிள்ளைகள் காலத்தில் ஆப்பிரிக்கர்களே உரிமம் பெற்ற வழிகாட்டிகளாக முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். சிங்கத்தைக் கட்டாயம் காட்டுவேன் என்று உறுதி தருபவரைவிட, இதற்கு மேல் கிட்டே போகக்கூடாது என்று விருந்தாளியிடமே சொல்லத் தெரிந்தவரைத் தேடுங்கள். கூடுதலாகக் கொடுக்கும் காசு அதற்குத்தான்.