விக்கிரமசோழன்: உலாப் போந்த வேந்தன்

அரியலூர் மாவட்டத்து விக்கிரமங்கலம் சோழர் காலத்தில் விக்கிரமசோழபுரம் என வழங்கிய வணிக ஊராகும். இன்றும் அங்குக் காணப்பெறும் புத்தர், சமணச் சிற்பங்கள் பல சமயத்தாரும் கூடி வாழ்ந்த பழமையைக் காட்டுகின்றன. விக்கிரமன் என்னும் பெயர் சோழர் பலர்க்கும் உரிய சிறப்புப் பெயராதலின், இவ்வூர்ப் பெயரை ஒருவனுக்கே உரிமையாக்குதல் பொருந்தாது. எனினும் அப்பெயரைக் கேட்ட அளவில் தமிழ் கற்றார் நெஞ்சில் தோன்றுபவன், கூத்தர் பாடிய உலாவின் தலைவனே ஆவான்.

விக்கிரமசோழன் முதற் குலோத்துங்கனின் மைந்தருள் ஒருவன். இளமையிலேயே வேங்கி நாட்டின் ஆட்சிப் பொறுப்பை ஏற்றுப் பல ஆண்டுகள் அங்கிருந்தான். அக்காலத்தே தெலுங்க வீமனை வென்றதும், கலிங்கத்தில் போர் புரிந்ததும் அவன் மெய்க்கீர்த்தியில் இடம் பெறுகின்றன. 1118இல் தந்தை அவனை அழைத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தில் இளவரசுப் பட்டம் சூட்டினான். மகன் வடபுலம் நீங்கியதும் மேலைச் சாளுக்கிய ஆறாம் விக்கிரமாதித்தன் வேங்கியைக் கவர்ந்துகொண்டான். ஒரு முடியின் விலை ஒரு நாடாயிற்று. 1126இல் சாளுக்கியன் மறைந்த பின்னரே, இழந்த பகுதிகள் சோழர் மேலாண்மைக்கு மெல்ல மீண்டன.

தந்தையின் ஆட்சியோடு ஒப்பிடின் மகனது ஆட்சி அமைதி மிக்கது. ஆயின் அமைதி வேறு, வளம் வேறு. 1125ஐ ஒட்டி ஆர்க்காட்டுப் பகுதிகளில் பெருவெள்ளம் ஊர்களை அழித்தது. வரி செலுத்த வழியின்றி ஊர்ச் சபையார் பொதுநிலங்களைக் கோயில்களுக்கு விற்றதைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. காவிரிக் கரைக் கோவிலடியிலோ, காலம் பொல்லாததாகிக் குடிகள் ஊரை விட்டு அகன்ற செய்தியும் உண்டு.

இவற்றுக்கு இடையே 1128இல், தன் பத்தாம் ஆட்சியாண்டில், அவ்வாண்டு வந்த அரசிறையின் பெரும்பகுதியைத் தில்லைத் திருப்பணிக்கு அளித்தான் வேந்தன். கூத்தப்பிரான் கோயில் பொன்வேய்ந்து பொலிந்தது. தில்லையின் பெருந்தெரு ஒன்று விக்கிரமசோழன் திருவீதி எனப் பெயர் பெற்றது. பக்தியின் பெருமையை மறுப்பார் இல்லை. ஆயினும் பொன் ஒளிர்ந்த அதே நாட்டில் நிலம் விற்ற கைகளும் இருந்தன. மன்னன் வரலாற்றை எழுதுவோர் இரண்டையும் ஒருசேர வைத்தே எழுதுதல் வேண்டும். அகளங்கன் என்பதும் தியாகசமுத்திரம் என்பதும் அவன் பட்டங்கள். அவற்றின் பொருளைக் குடிகளின் கல்வெட்டுகளோடும் ஒட்டிப் பார்ப்பதே நேர்மை.

அவனது அவைக்களத்தை அணிசெய்தவர் ஒட்டக்கூத்தர். விக்கிரமன், அவன் மகன் இரண்டாம் குலோத்துங்கன், பெயரன் இரண்டாம் இராசராசன் என மூவரையும் உலாவாற் பாடிய பெருமை அவருக்கே உரியது. விக்கிரமனது கலிங்கப் போரைக் குறித்து ஒரு பரணியும் அவர் இயற்றினார் என இலக்கிய வரலாற்றாசிரியர் உரைப்பர். அந்நூல் கிடைத்திலது. உலாவோ நின்று நிலைத்தது.

இதனுள் ஒரு பாடம் உண்டு. பரணிக்குரியது களம்; உலாவுக்குரியது தெரு. உலாவில் முன்னோர் பெருமை முன்னே வர, வைகறையில் நீராடி, இறைவனை வணங்கி, அணி பூண்டு, யானைமீது வேந்தன் போதருகின்றான். தொண்டைமான் முதலான சிற்றரசர் சூழ்கின்றனர். பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக எழு பருவ மகளிரும் தெருவில் நின்று காண்கின்றனர். அங்கே வெற்றி அன்று, காட்சியே பொருள். பகைவரை வென்ற வாளைப் பாடிய நூல் மறைய, பிள்ளையும் முதியளும் கண்ட உருவத்தைப் பாடிய நூல் எஞ்சியது.

1133இல் இரண்டாம் குலோத்துங்கனை இளவரசாக்கிய விக்கிரமன், 1135 அளவில் மறைந்தான். அவன் வாழ்ந்த கங்கைகொண்ட சோழபுரத்து அரண்மனை இன்று மாளிகைமேட்டில் அகழ்ந்தெடுத்த செங்கல் அடித்தளமாய் உள்ளது. வேந்தனோ ஒரு கலிவெண்பாவின் கண்ணிகளிடையே இன்றும் யானைமேல் வருகின்றான். ஆனால் வெள்ளத்தில் நிலம் இழந்தாரை எந்த உலாவும் பாடவில்லை. அவர்தம் செய்தியைக் கல்லே காத்தது. கல் சொன்னதையும் கவியில் ஏற்றுதல் பின்வந்த கவிஞர்க்கு எஞ்சிய கடன்.