மக்கள் சீனத்தை இந்தியா அங்கீகரிக்க வாதாடிய கே.எம். பணிக்கர்

புதுதில்லி: அயல்நாடொன்றில் ஆட்சி மாறும்போது புதிய அரசை எப்போது அங்கீகரிப்பது, எந்தெந்த நாடுகளுடன் கலந்து முடிவெடுப்பது என்ற சிக்கலை சுதந்திர இந்தியா அதன் தொடக்க ஆண்டுகளிலேயே எதிர்கொண்டது. 1949-ல் சீனம் தொடர்பாக எழுந்த அச்சிக்கலில் தீர்மானமான கருத்துடன் நின்றவர், அந்நாட்டுக்கான தூதர் கே.எம். பணிக்கர்.

திருவிதாங்கூரின் காவாலம் கிராமத்தில் 1895 ஜூன் 3-ம் தேதி பிறந்த பணிக்கர், சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் பின்னர் ஆக்ஸ்போர்டிலும் பயின்றார். அலிகாரில் வரலாற்றுப் பேராசிரியராகவும், 1924-ல் தில்லியில் தொடங்கப்பட்ட "ஹிந்துஸ்தான் டைம்ஸ்' நாளிதழின் முதல் ஆசிரியராகவும் பணியாற்றினார். பின்னர் சமஸ்தானங்களின் நிர்வாகத்தில் நுழைந்து பிகானீரின் பிரதமரானார். அரசியல் நிர்ணய சபையில் முதலில் சேர்ந்த சமஸ்தானங்களுள் பிகானீரும் ஒன்று.

தில்லியில் இரு கருத்து: 1948-ல் சீனத்துக்குத் தூதராக பணிக்கரை அனுப்பினார் நேரு. அப்போது தலைநகரான நான்ஜிங்கில் சியாங் காய் ஷேக்கின் ஆட்சி சரிந்துகொண்டிருந்தது. 1949 ஏப்ரலில் அந்நகரைக் கம்யூனிஸ்ட் படைகள் கைப்பற்றின. அக்டோபர் 1-ம் தேதி மக்கள் சீனக் குடியரசு அறிவிக்கப்பட்டது.

தாயகம் திரும்பிய பணிக்கர், பெருநிலப்பரப்பில் பழைய அரசின் அதிகாரம் அற்றுப்போனதும் புதிய அரசை அங்கீகரிக்க வேண்டும் என வாதிட்டார். துணைப் பிரதமர் படேலும் கவர்னர் ஜெனரல் ராஜாஜியும் அவசரம் வேண்டாம் எனக் கருதினர். மூத்த அதிகாரிகள் சிலரும் அவர்கள் பக்கம் நின்றனர்.

இதற்கிடையே காமன்வெல்த் நாடுகளிடையே ஆலோசனை நடந்தது. கூடியவரை ஒருங்கிணைந்து செயல்பட பிரிட்டன் விரும்பியது. ஆனால் 1950 ஜனவரியில் கொழும்பில் கூடவிருந்த காமன்வெல்த் வெளியுறவு அமைச்சர்கள் மாநாடு வரை நேரு காத்திருக்கவில்லை. பர்மா டிசம்பர் மத்தியில் முந்திக்கொள்ள, 1949 டிசம்பர் 30-ம் தேதி இந்தியா அங்கீகாரம் அளித்தது. பாகிஸ்தான், பிரிட்டன், இலங்கை ஆகியவை ஜனவரி முதல் வாரத்தில் தொடர்ந்தன. கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவை விலகி நின்றன. அமெரிக்காவோ கடுமையாக எதிர்த்தது.

நள்ளிரவு அழைப்பு: 1950 மே மாதம் மாசேதுங்கிடம் நியமனப் பத்திரத்தை அளித்தார் பணிக்கர். அடுத்த மாதமே கொரியப் போர் வெடித்தது. பெய்ஜிங்கில் அமெரிக்காவுக்குத் தூதரகம் இல்லாததால் இரு தரப்புக்கும் இடையே செய்தி செல்லும் வழிகளுள் முக்கியமானதாக இந்தியா அமைந்தது.

அக்டோபர் 2-ம் தேதி நள்ளிரவில் உறங்கிக்கொண்டிருந்த பணிக்கரைத் தன் இல்லத்துக்கு அழைத்தார் சீனப் பிரதமர் சூ என் லாய். அமெரிக்கப் படைகள் 38-வது அட்சக்கோட்டைத் தாண்டினால் சீனம் போரில் தலையிடும் என்பதே அவர் சொன்ன செய்தி. அது தில்லி வழியாக லண்டனையும் வாஷிங்டனையும் எட்டியது. பணிக்கரை சீனச் சார்பாளராகக் கருதிய வாஷிங்டன் அதை வெற்று மிரட்டல் என ஒதுக்கியது. அக்டோபர் 7-ம் தேதி அமெரிக்கப் படைகள் கோட்டைக் கடந்தன; அம்மாதமே சீனப் படைகள் கொரியாவில் நுழைந்தன. 1953 ஜூலை வரை போர் நீடித்தது.

திபெத் விமர்சனம்: அதே அக்டோபரில் சீனப் படைகள் திபெத்துக்குள்ளும் முன்னேறின. சீனத்தின் நடவடிக்கைகளுக்கு நியாயம் தேடுவதில் தூதர் முனைப்புக் காட்டுகிறார் என, நவம்பர் 7-ம் தேதி நேருவுக்கு எழுதிய கடிதத்தில் படேல் குறைகூறினார். கொரியா விஷயத்தில் பெய்ஜிங்கின் எண்ணத்தைச் சரியாகத் தெரிவித்தவர், திபெத் விஷயத்தில் அதன் நோக்கத்தை உணரத் தவறினார் என்ற விமர்சனம் அவரை இறுதிவரை விடவில்லை.

1952-ல் சீனத்திலிருந்து திரும்பிய பின் எகிப்திலும் பிரான்ஸிலும் தூதராக இருந்தார். மாநில மறுசீரமைப்புக் குழுவின் மூன்று உறுப்பினர்களுள் ஒருவராக, உத்தரப் பிரதேசத்தைப் பிரிக்க வேண்டும் எனத் தனிக்குறிப்பு எழுதினார். இந்திய-சீனப் போர் முடிந்து ஓராண்டுக்குப் பின், 1963 டிசம்பர் 10-ம் தேதி, மைசூரில் துணைவேந்தராக இருந்தபோது காலமானார்.

ஐ.நா.வில் மக்கள் சீனத்துக்கு 1971-ல்தான் இடம் கிடைத்தது. அமெரிக்கா 1979 ஜனவரி 1-ம் தேதி அங்கீகரித்தது. ஓர் அரசை அங்கீகரிப்பது அதன் செயல்களை ஏற்பதாகாது. அதனுடன் பேசுவதற்கான வழியைத் திறந்துவைப்பதே. அந்த வழியின் பயனையும் அதிலுள்ள ஆபத்தையும் ஒரே மாதத்தில் கண்டவர் பணிக்கர்.