சாம் செப்பர்டு

சாம் செப்பர்டு (டிசம்பர் 29, 1923 – ஏப்ரல் 6, 1970) ஐக்கிய அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஆவார். மனைவியைக் கொன்றதாகச் சிறைப்பட்டு, பின்னர் மறுவிசாரணையில் விடுதலையானவர். த பியூஜிட்டிவ் என்னும் தொலைக்காட்சித் தொடருக்கு இவருடைய வழக்கே தூண்டுதல் எனப் பரவலாகக் கருதப்படுகிறது.

கொலையும் முதல் விசாரணையும்

ஈரி ஏரிக்கரையில் உள்ள பே வில்லேஜ் என்ற ஊரில் செப்பர்டு குடும்பம் வாழ்ந்து வந்தது. 1954 ஜூலை 4 அதிகாலையில், கருவுற்றிருந்த மனைவி மேரிலின் படுக்கையறையில் அடித்துக் கொல்லப்பட்டார். கீழ்த்தளத்தில் உறங்கிய தாம் அலறல் கேட்டு மாடிக்கு ஓடியதாகவும், அங்கிருந்த அந்நியன் ஒருவன் தம்மைத் தாக்கியதாகவும் செப்பர்டு கூறினார். மருத்துவமனையில் பணியாற்றிய பெண் ஒருவருடன் தமக்கிருந்த தொடர்பை அவர் முதலில் மறுத்தது, பின்னர் அவருக்கே பாதகமாயிற்று.

அருகிலுள்ள கிளீவ்லாந்து நகரின் நாளேடு ஒன்று, அவரைக் கைது செய்யுமாறு முதற்பக்கத்திலேயே வலியுறுத்தியது. மரண விசாரணை, பள்ளி உடற்பயிற்சிக் கூடமொன்றில் பெருங்கூட்டத்தின் முன் நடைபெற்றது. ஜூரிகளாக அழைக்கப்பட்டோரின் பெயர், முகவரிகள் நாளேடுகளில் வெளியாயின. நீதிமன்றத்தினுள் செய்தியாளர்களின் மேசை மிக அருகே போடப்பட்டிருந்தது. தம் வழக்கறிஞரிடம் தனித்துப் பேச விரும்பினால் செப்பர்டு அறையை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. டிசம்பர் 21 அன்று குற்றவாளி எனத் தீர்ப்பாகி, ஆயுள் தண்டனை பெற்றார். அடுத்த மாதமே அவருடைய தாய் தற்கொலை செய்துகொண்டார். பதினொரு நாட்களில் தந்தையும் இறந்தார்.

தொலைக்காட்சித் தொடர்

1963 முதல் 1967 வரை 120 பகுதிகளாக ஒளிபரப்பான தொடரின் நாயகனும் ஒரு மருத்துவரே. மனைவியைக் கொன்றதாக மரண தண்டனை பெற்ற அவர், தொடருந்து விபத்தில் தப்பி, ஒற்றைக் கை மனிதனைத் தேடி அலைகிறார். செப்பர்டு வழக்குடன் தொடர்பில்லை என்றே அதனைப் படைத்த ராய் ஹக்கின்ஸ் கூறிவந்தார். செப்பர்டு ஒருபோதும் தப்பியோடவில்லை. தொடர் தொடங்கியபோது சிறையில்தான் இருந்தார்.

மறுவிசாரணை

வழக்கறிஞர் எஃப். லீ பெய்லியின் மனுவை ஏற்று, 1964 ஜூலையில் கூட்டரசு நீதிமன்றம் அவரை விடுவிக்க ஆணையிட்டது. 1966 ஜூன் 6 அன்று உச்ச நீதிமன்றம் 8-1 என்ற பெரும்பான்மையில் பழைய தீர்ப்பு செல்லாது என்றது. செய்தியாளர்களின் ஆரவாரத்தை நீதிபதி கட்டுப்படுத்தத் தவறியதே காரணம். செப்பர்டு குற்றமற்றவரா என்பதை அது ஆராயவில்லை. செப்பர்டு எதிர் மாக்ஸ்வெல் எனப்படும் இத்தீர்ப்பு, ஊடகச் சுதந்திரமும் நேர்மையான விசாரணையும் மோதும் வழக்குகளில் முன்னுதாரணமாக விளங்குகிறது. அவ்வாண்டு நவம்பர் 16 அன்று புதிய ஜூரிகள் அவரை விடுவித்தனர்.

இறுதிக்காலம்

மீண்டும் தொடங்கிய மருத்துவப் பணி, நோயாளிகளின் குடும்பத்தார் தொடுத்த வழக்குகளால் நிலைக்கவில்லை. 1969 இல் தொழில்முறை மல்யுத்த வீரரானார். குடிப்பழக்கத்தால் உடல் நலிந்து 46 ஆம் வயதில் காலமானார். தந்தை தவறாகச் சிறை வைக்கப்பட்டார் என அறிவிக்கக் கோரி மகன் தொடுத்த உரிமையியல் வழக்கு 2000 இல் தோல்வியடைந்தது. மேரிலின் கொலைக்காக வேறெவரும் தண்டிக்கப்படவில்லை.