உமறுப்புலவரும் காயல்பட்டினமும்: சீறாப்புராணம் உருவான உரையாடல்கள்

சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் எட்டயபுரம், கீழக்கரை, பரங்கிப்பேட்டை ஆகிய மூன்று ஊர்களின் வழியே அதனைச் சொல்லி முடிப்பர். தாமிரபரணி கடலோடு கலக்கும் முகத்துவாரத்திற்குத் தெற்கே அமைந்த காயல்பட்டினம் அவ்வரலாற்றில் ஓரிரு தொடர்களில் கடந்து செல்லப்படுகிறது. ஆயினும் அக்காப்பியத்திற்குப் பொருள் தரும் உரிமை பெற்றிருந்தவர், புலவர் பாடாது விட்ட பகுதியைப் பாடி முடித்தவர், ஏட்டிலிருந்த நூலை அச்சில் ஏற்றியவர் ஆகிய மூவரும் காயல்பட்டினத்தோடு பிறப்பாலோ வாழ்வாலோ தொடர்புடையவர்கள். இவ்வுண்மையை முன்வைத்து உமறுவின் வாழ்வை மீண்டும் நோக்கினால், அது ஒரு தனிமனிதரின் கவித்திறன் பற்றிய கதையாக மட்டும் நிற்பதில்லை. படைப்பாளிகள் தம் படைப்பைக் குறித்துத் தமக்குள் நிகழ்த்திய நீண்ட உரையாடலின் வரலாறாகவும் அது விரிகிறது.

உமறு தம் வாழ்வைத் தாமே எழுதி வைத்தவர் அல்லர். அவரைப் பற்றி நாம் அறிவனவற்றுள் பெரும்பகுதி செவிவழி மரபாக வந்து, பிற்காலத்தில் எழுத்து வடிவம் பெற்றது. ஆகவே மரபு கூறுவதை மரபாகவும், நூலுக்குள் கிடைப்பதை அகச்சான்றாகவும் வேறுபடுத்திக் காண்பது இங்குத் தேவையாகிறது.

எட்டயபுரத்துக் கல்வி

உமறு 1642ஆம் ஆண்டு பிறந்தார் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. தந்தையார் நறுமணப் பொருள் வணிகர். பிறந்த ஊர் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டெனினும், வளர்ந்ததும் கற்றதும் எட்டயபுரம் என்பதில் ஐயமில்லை. எட்டயபுர அரசவைப் புலவரும் சமுத்திரவிலாசத்தின் ஆசிரியருமான கடிகைமுத்துப் புலவர் அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். சைவ, வைணவ இலக்கிய மரபில் தோய்ந்த ஓர் அவைப்புலவர் இசுலாமிய வணிகரின் மகனுக்கு இலக்கணமும் காப்பியமும் கற்பித்தார். இதனை அக்காலத் தென்பாண்டி நாட்டில் வியப்புக்குரிய செய்தியாக எவரும் கொண்டதாகத் தெரியவில்லை. வியப்பு இன்றைய நமக்கே உரியது.

வடநாட்டிலிருந்து வந்த வாலைவாருதி என்னும் புலவரை இளம் வயதிலேயே உமறு வாதில் வென்றார் என்பர். இது புலவர் வரலாறுகள் பலவற்றிலும் காணும் வாய்பாடாதலின் அதன் மீது பெரிய முடிவு எதனையும் கட்ட இயலாது. கடிகைமுத்துவிடம் பெற்ற பயிற்சியின் சான்று சீறாவிலேயே கிடைக்கிறது. கடவுள் வாழ்த்தின் பின் நாட்டுப் படலம், நகரப் படலம் எனத் தொடங்கும் கட்டமைப்பும், விருத்த யாப்பின் ஓட்டமும் கம்பனைக் கேட்டுக் கேட்டுப் பழகிய செவியைக் காட்டுகின்றன.

ஒரு மறுப்பும் அதற்கு வந்த விடையும்

கீழக்கரை வள்ளல் சீதக்காதி, செய்கு அப்துல் காதிறு என்னும் இயற்பெயருடையவர். சேதுநாட்டுக் கிழவன் சேதுபதியின் நெருங்கிய துணைவராக விளங்கியவர். தமிழில் நபிகள் நாயகத்தின் வரலாறு காப்பியமாக இல்லையே என்ற குறை அவருக்கு இருந்தது. உமறுவின் தமிழை அறிந்து அப்பணியை அவரிடம் ஒப்படைத்தார். புலவரிடம் தமிழ் இருந்தது. ஆனால் பொருள் அரபு நூல்களில் இருந்தது. அதனை எடுத்துரைக்கத் தக்கவர் சதக்கத்துல்லா அப்பா என்று வள்ளல் கருதினார்.

சதக்கத்துல்லா அப்பா 1632இல் காயல்பட்டினத்தில் சுலைமான் வலியுல்லாவின் மகனாகப் பிறந்தவர். பின்னர்க் கீழக்கரையில் வாழ்ந்தவர். அவர்தம் உடன்பிறந்தாருள் ஒருவரான சாம் சிகாபுத்தீன் வலியுல்லா, மார்க்கச் செய்திகளை அரபுத்தமிழில் மாலைகளாகப் பாடி எளிய மக்களிடம் கொண்டு சென்றவர். அரபு நூலறிவைத் தமிழ்ச் செவிக்கு எவ்வாறு கொண்டு சேர்ப்பது என்னும் வினா அக்குடும்பத்தினுள்ளேயே பேசப்பட்டு வந்த ஒன்று எனலாம்.

உமறு பொருள் வேண்டிச் சென்றபோது அப்பா மறுத்துவிட்டார் என்பது மரபு. புலவரின் உடையும் தோற்றமும் இசுலாமியர்க்குரியனவாக இல்லாமையே காரணமாகச் சொல்லப்படுகிறது. இக்கதையைச் சொல்வோர் பலரும் மறுப்பை அறிஞர் ஒருவரின் கடுமையாகக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவர். அஃது அவருக்கு நியாயம் செய்வதாகாது. நபியின் வாழ்வைச் சொல்வதில் ஒரு சொல் பிறழ்ந்தாலும் அது வழிவழியாகப் பாடப்படும். எட்டயபுர அவையில் உருவான ஒரு கவிஞர், காப்பியச் சுவைக்காகப் பொருளை வளைத்துவிடமாட்டார் என்பதற்கு உறுதி என்ன? உடை அதன் வெளி அடையாளம் மட்டுமே. அப்பாவின் மனத்திலிருந்தது நம்பிக்கை பற்றிய கேள்வி என்று கொள்வதே பொருந்தும்.

மற்றொன்றும் இங்கு நினைக்கத்தக்கது. அப்பா மார்க்க அறிஞர் மட்டும் அல்லர், அரபுக் கவிஞர். வித்ரிய்யா என்னும் நபிப் புகழ்ப்பாவிற்கு அவர் தக்மீசு இயற்றியவர். தக்மீசு என்பது முன்னோர் பாடிய ஈரடியின் முன்னே, அதன் இயைபோடு பொருந்த மூன்றடிகளைத் தாம் பாடிச் சேர்த்து ஐந்தடியாக்கும் வகை. மூலக்கவிஞரின் சொல் ஒன்றும் மாறக்கூடாது. சேர்ப்பவரின் குரலும் மங்கக்கூடாது. மறைந்த கவிஞர் ஒருவரோடு அடிதோறும் உரையாடும் கலை அது. அக்கலையில் கைதேர்ந்தவர், தம்மிடம் பொருள் கேட்டு வந்தவரிடமும் அதே பணிவை எதிர்பார்த்தார் என்று எண்ண இடமுண்டு.

மறுக்கப்பட்ட உமறு வாதிடவில்லை. நபியை முன்னிலைப்படுத்தி முதுமொழிமாலையைப் பாடினார் என மரபு கூறும். இருவர்க்கும் கனவில் நபியின் அருள் கிட்டியதாகவும் அதன்பின் அப்பா இசைந்ததாகவும் கதை தொடர்கிறது. கனவு ஆய்வாளரின் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஆனால் முதுமொழிமாலை இன்றும் உள்ளது. ஒரு கவிஞரின் ஐயத்திற்கு மற்றொரு கவிஞர் கவிதையாலேயே விடை தந்தார் என்பதை அந்நூலைக் கொண்டு ஏற்கலாம்.

கேட்டுப் பாடிய காப்பியம்

அதன்பின் அப்பாவின் வழிகாட்டுதலால் உமறு பரங்கிப்பேட்டைக்குச் சென்று, அங்கிருந்த மார்க்க அறிஞரிடம் பொருள் கேட்டார். அறிஞர் அரபு வரலாற்றை எடுத்துரைக்க, புலவர் அதனைத் தமிழ் விருத்தமாக்கினார். சீதக்காதியின் மறைவிற்குப் பின் அவ்வூர் அபுல்காசிம் மரைக்காயர் புரவலராகிப் பணி தடைப்படாமல் காத்தார். சீறாவில் போற்றப்படுபவர் அபுல்காசிமே. தொடங்கி வைத்த சீதக்காதியின் பெயர் காப்பியத்தில் இல்லை. இறந்த பின்னும் கொடுத்தவர் எனப் பழமொழியே புகழும் வள்ளலுக்கு அவர் வளர்த்த காப்பியத்தில் ஓர் அடிகூட இல்லாமை படிப்போர் நெஞ்சை உறுத்தவே செய்கிறது.

கேட்டுப் பாடிய முறையின் சுவடு நூலெங்கும் உள்ளது. நிகழ்ச்சிகளின் வரிசையில் உமறு பெரிதும் கட்டுப்பட்டவர். நிலம், நீர், உயிரினம் என வரும்போது அவர் தமிழ்ப்புலவராக விடுதலை பெறுகிறார். நாட்டுப் படலத்தில் மேகம் கடல்நீரை முகந்து மலையில் பொழிகிறது; வெள்ளம் மலைபடு பொருள்களை வாரிக்கொண்டு வயல்களில் பாய்கிறது. அரபுநாட்டில் ஏது நெல்வயல் எனக் குறை கூறியோர் உண்டு. பொருநைக் கரையில் வளர்ந்த கேட்போர்க்கு ஒரு நாட்டின் மேன்மையைச் சொல்ல நீர்வளம் அன்றி வேறு மொழி இல்லை என்பதை அக்குறை மறந்துவிடுகிறது. வரலாற்றில் கைவைக்காமல் வருணனையில் மட்டும் தமிழாக்கிய இந்நெறி, தக்மீசுக்காரரின் நெறிக்கு மிக அணுக்கமானது.

மானுக்குப் பிணைநின்ற படலம் இதற்குச் சிறந்த சான்று. வேடனிடம் அகப்பட்ட பிணைமானுக்காக நபி பிணை நிற்க, அது கன்றுக்குப் பாலூட்டித் திரும்புகிறது. மரபில் சுருக்கமாக அமைந்த செய்தி இது. உமறு மானைப் பேசவிடுகிறார். தன் கலையையும் கன்றையும் பிரிந்த துயரை அது சொல்லும் முறையில் தமிழ் அகமரபின் இரங்கல் முழுவதும் இறங்கியிருக்கிறது. ஆயினும் நிகழ்ச்சியின் எலும்புக்கூடு மாறவில்லை. மான் சொன்ன சொல்லைக் காத்துத் திரும்புகிறது, வேடன் மனம் மாறுகிறான். பெயர்களிலும் இதே இணக்கம் காணலாம். கதீசா, பாத்திமா என அரபுப் பெயர்கள் தமிழ் ஒலிக்கு வளைந்து விருத்தத்தின் சீர்களில் தடையின்றி அமர்கின்றன.

நின்ற இடமும் தொடர்ந்த ஊரும்

விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிசுறத்துக் காண்டம் என மூன்று காண்டங்களில், 92 படலங்களில், 5027 விருத்தங்கள் பாடிய உமறு, உறனிக் கூட்டத்தார் படலத்தோடு நின்றுவிட்டார். நபியின் இறுதி ஆண்டுகள் பாடப்படவில்லை. மக்கா வெற்றியும் மறைவும் இல்லாத நபி காவியம், கதை முடியுமுன் எழுந்து செல்ல நேர்ந்த கேட்போரின் நிலையில் நம்மை விடுகிறது. உமறுவும் சதக்கத்துல்லா அப்பாவும் 1703ஆம் ஆண்டிலேயே மறைந்தனர் என்பது மரபு. உமறு எட்டயபுரத்திலும் அப்பா கீழக்கரையிலும் அடக்கம் பெற்றனர்.

விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தவர் காயல்பட்டினத்துப் பனீ அகுமது மரைக்காயர். அவர் தம் நூலுக்கு வேறு பெயர் தேடவில்லை. அது சின்னச் சீறா எனவே வழங்குகிறது. மற்றொருவர் காப்பியத்தின் தொடர்ச்சியாகத் தம் நூலை நிறுத்திக்கொள்வது எளிய துணிபன்று. ஒப்பீடு ஒவ்வோர் அடியிலும் எழும். அதில் பெரும்பாலும் முன்னவரே வெல்வார். இதனை அறிந்தே அவர் பாடியிருத்தல் வேண்டும். திறனாய்வாளர் அவரை உமறுவின் நிழலாகவே மதிப்பிட்டது, அவர் ஏற்றுக்கொண்ட பணியின் தன்மையைக் காணத் தவறிய மதிப்பீடு என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

நூற்றாண்டுக்கும் மேலாக ஏட்டில் வாழ்ந்த சீறாப்புராணத்தை 1842இல் அச்சிற்குக் கொண்டு வந்தவரும் காயல்பட்டினத்தாரே. புலவர் நாயகம் எனவும் சேகனாப் புலவர் எனவும் போற்றப்பெறும் செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம், குத்புநாயகம் முதலிய காப்பியங்களைத் தாமே பாடியவர். அரபும் தமிழும் ஒருங்கே கற்ற ஆலிம். காப்பியக் கவிஞர் ஒருவர் தம் முன்னோர் காப்பியத்தின் பதிப்பாசிரியராகும்போது, ஏடெழுதியோர் பிழையையும் புலவரின் சொல்லாட்சியையும் பிரித்தறியும் செவி அவருக்கு உண்டு. அரபுப் பெயர்கள் ஏடுகளில் பலவாறு திரியக்கூடியவை என்பதால், இருமொழிப் புலமை இல்லாத ஒருவர் கையில் அப்பதிப்பு எந்நிலை எய்தியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

உறனிக் கூட்டத்தார் படலத்தின் இறுதிப் பாடல்களையும் சின்னச் சீறாவின் தொடக்கப் பாடல்களையும் யாப்பு, சொல், அரபுச்சொல் ஆட்சி ஆகிய மூன்று நிலைகளில் அருகருகே வைத்து நோக்கும் பணி எஞ்சியுள்ளது. காயல்பட்டினத்துப் புலவர் எந்தச் சொல்லில் உமறுவின் குரலை ஏற்றார், எந்தச் சொல்லில் தம் குரலைச் சேர்த்தார் என்பது அவ்விடத்திலேதான் தெரியவரும்.