556 விதைகளும் ஒரு துறவியும்: கிரிகோர் மெண்டலின் வாழ்க்கை

மரபியலின் தந்தை எனப் போற்றப்படும் கிரிகோர் மெண்டல், நிரந்தர ஆசிரியர் பணிக்கான தகுதிச் சான்றைக் கடைசி வரை பெறாதவர். 1850-ஆம் ஆண்டு தேர்வில் தோல்வியடைந்த அவருக்கு, 1856-இல் மேற்கொண்ட இரண்டாவது முயற்சியும் கைகூடவில்லை.

இன்றைய செக் குடியரசில் உள்ள ஹின்சிட்சே கிராமத்தில், 1822-இல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார் மெண்டல். 1843-இல் புருனோ நகரின் அகுஸ்தீன் சபை மடத்தில் சேர்ந்தார். மடத்தின் உதவியுடன் வியன்னா பல்கலைக்கழகத்தில் பயின்ற இயற்பியலும் கணிதமும் பின்னர் தோட்டத்தில் அவருக்குத் துணை நின்றன.

1856 முதல் 1863 வரை சுமார் 28 ஆயிரம் பட்டாணிச் செடிகளை அவர் ஆய்வு செய்தார். உருண்டையான மஞ்சள் விதைச் செடியையும் சுருங்கிய பச்சை விதைச் செடியையும் கலந்தபோது, முதல் தலைமுறை விதைகள் அனைத்தும் உருண்டை மஞ்சளாகவே இருந்தன. அவற்றிலிருந்து வளர்ந்த 15 செடிகள் தன்மகரந்தச் சேர்க்கையில் 556 விதைகளைத் தந்தன. உருண்டை மஞ்சள் 315, உருண்டைப் பச்சை 108, சுருங்கிய மஞ்சள் 101, சுருங்கிய பச்சை 32. ஏறத்தாழ 9:3:3:1.

வடிவத்தை மட்டும் கணக்கிட்டால் உருண்டை 423, சுருங்கியவை 133. நிறத்தை மட்டும் கணக்கிட்டால் மஞ்சள் 416, பச்சை 140. இரண்டுமே 3:1-ஐ ஒட்டியவை. நான்கில் மூன்று பங்கை நான்கில் மூன்றால் பெருக்கினால் பதினாறில் ஒன்பது வரும். அதாவது, நிறமும் வடிவமும் ஒன்றையொன்று சாராமல் வாரிசுக்குச் செல்கின்றன. மாணவர்கள் இன்று வரையும் 16 கட்டங்கள் மெண்டலுடையவை அல்ல. அவை பின்னாளில் புன்னெட் வகுத்தவை.

எண்ணியதோடு மெண்டல் நிற்கவில்லை. அடுத்த ஆண்டு உருண்டை மஞ்சள் விதைகளை மீண்டும் விதைத்தார். பலன் தந்த 301 செடிகளில் 38 மட்டுமே முற்றிலும் உருண்டை மஞ்சள் விதைகளைத் தந்தன. ஒன்பதில் ஒரு பங்கு என்ற கணக்குக்கு இது நெருக்கமானது.

1865 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் புருனோ இயற்கை அறிவியல் சங்கத்தில் இம்முடிவுகளை வாசித்தார்; மறு ஆண்டு அவை அச்சாகின. தாவரவியலாளர் நெகேலிக்கும் கடிதங்கள் எழுதினார். அவரோ இதன் முக்கியத்துவத்தை உணரவில்லை. 1868-இல் மடத்தின் தலைவரான பிறகு, மடங்கள் மீதான வரியை எதிர்த்து அரசுடன் நடத்திய நெடிய போராட்டமே மெண்டலின் நேரத்தை விழுங்கியது.

1884 ஜனவரி 6-ஆம் தேதி அவர் காலமானார். 16 ஆண்டுகள் கழித்து, 1900-இல் டி விரிஸ், காரென்ஸ், செர்மாக் ஆகியோர் தத்தம் ஆய்வுகளின் வழியே அதே விகிதங்களை வந்தடைந்தபோதுதான் அந்தப் பழைய கட்டுரை மீண்டும் வாசிக்கப்பட்டது.