சேவலோடு பாலம் கடந்த எமிலி!

குட்டீஸ்... ஒரு டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்து, வாளித் தண்ணீருக்குள் நேராக அழுத்திப் பாருங்கள். டம்ளருக்குள் தண்ணீர் நிறையாது. உள்ளே இருக்கும் காற்று தடுத்துவிடும். இதே முறையில்தான் அமெரிக்காவின் நியூயார்க் நகரில், புகழ்பெற்ற புரூக்ளின் பாலத்துக்கு அஸ்திவாரம் போட்டார்கள். அந்தப் பாலம் பாதியில் நின்றுபோகாமல் காப்பாற்றியவர் ஒரு பெண்!

அவர் பெயர் எமிலி வாரன் ரோப்ளிங். 1843 செப்டம்பர் 23ம் தேதி, ஹட்சன் நதிக்கரையில் உள்ள கோல்டு ஸ்பிரிங் என்ற சிற்றூரில் பிறந்தார். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1864ல், ராணுவத் தளபதியாக இருந்த தன் அண்ணனைப் பார்க்க முகாமுக்குப் போனார். அங்கே வாஷிங்டன் ரோப்ளிங் என்ற இளம் இன்ஜினியரைச் சந்தித்தார். அடுத்த ஆண்டே இருவருக்கும் திருமணம்.

மாமனார் ஜான் ரோப்ளிங், கம்பி வடங்களால் தொங்கு பாலம் கட்டுவதில் மன்னர். நயாகராவில் ரயில் போகும் தொங்கு பாலமே கட்டியவர். புரூக்ளினுக்கும் மன்ஹாட்டனுக்கும் நடுவே ஓடும் ஈஸ்ட் ரிவரைக் கடக்க அப்போது படகுதான். குளிர்காலத்தில் பனிக்கட்டிகள் மிதந்து வந்தால் அதுவும் சிக்கல். அங்கே பாலம் கட்டத் திட்டம் போட்டார் ஜான். ஆனால், 1869ல் இடத்தை அளக்கும்போது படகு மோதி அவர் கால் நசுங்கியது. டெட்டனஸ் நோய் தாக்கி, சில வாரங்களில் இறந்து போனார். மொத்தப் பொறுப்பும் 32 வயது வாஷிங்டன் தலையில் விழுந்தது.

1870ல் வேலை ஆரம்பம். டம்ளர் கதைக்கு வருவோமா? மரத்தால் செய்த பிரம்மாண்டமான பெட்டி. நீளம் 168 அடி, அகலம் 102 அடி. அடிப்பக்கம் திறந்திருக்கும். அதை ஆற்றுக்குள் இறக்கி, அழுத்தமான காற்றை உள்ளே செலுத்தினார்கள். தொழிலாளர்கள் அதற்குள் நின்று மண்ணைத் தோண்டத் தோண்ட, பெட்டி கீழே இறங்கும். பெட்டியின் தலையில் கற்கோபுரம் எழும்பும்!

ஆபத்தும் அங்கேதான் இருந்தது. சோடா பாட்டிலைத் திறந்ததும் குமிழ் பொங்குகிறது அல்லவா? அதேபோல, அழுத்தமான காற்றிலிருந்து வேகமாக வெளியே வந்தவர்களின் ரத்தத்தில் நைட்ரஜன் குமிழ்கள் உண்டாயின. மூட்டுகளில் தாங்க முடியாத வலி. சிலர் இறந்தே போனார்கள். அன்றைய டாக்டர்களுக்குக் காரணம் சரியாகப் புரியவில்லை. 1872ல் வாஷிங்டனும் இதே நோயில் விழுந்தார். பிறகு அவரால் வேலை நடக்கும் இடத்துக்குப் போகவே முடியவில்லை. வீட்டு ஜன்னலிலிருந்து டெலஸ்கோப்பில் பார்ப்பதோடு சரி.

பார்த்தால் மட்டும் பாலம் எழும்புமா? எமிலி களத்தில் இறங்கினார். பெண்கள் இன்ஜினியரிங் படிப்பது மிக அபூர்வமாக இருந்த காலம் அது. அதனால் கணவரிடமே பாடம் கேட்டார். உயர் கணிதம், பொருட்களின் வலிமை, வடங்களின் வளைவு என எல்லாம் கற்றார். துணி காயப்போடும் கொடி நடுவில் தொய்கிறதே... பாலத்து வடம் எவ்வளவு தொய்ய வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு!

கணவரின் உத்தரவுகளை உதவி இன்ஜினியர்களிடம் கொண்டு போனார். கடிதங்கள் எழுதினார். கம்பெனிக்காரர்களோடு பேசினார். வெறும் தூது போனவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஓர் இரும்புப் பாகத்தை எப்படிச் செய்வது என்று கம்பெனிக்காரர்கள் விழித்தபோது, எமிலியே படம் வரைந்து காட்டினாராம். அன்றைய பத்திரிகை ஒன்றில் வந்த செய்தி இது.

1878ல் ஓர் அதிர்ச்சி! கம்பி சப்ளை செய்தவர், மட்டமான கம்பியை ஏமாற்றித் தந்தது தெரிந்தது. வடத்தில் சேர்ந்துவிட்ட கம்பியைப் பிரிக்க முடியாது. நல்லவேளை, தேவையைவிட ஆறு மடங்கு வலிமை இருக்கும்படி வாஷிங்டன் முன்பே கணக்குப் போட்டிருந்தார். ஒவ்வொரு வடத்திலும் சுமார் 150 கம்பிகள் கூடுதலாகச் சேர்த்துச் சமாளித்தார்கள்.

1882ல் இன்னொரு சோதனை. நோயாளியான தலைமை இன்ஜினியரை நீக்க வேண்டும் என்று சிலர் கிளம்பினார்கள். நிர்வாகக் குழுவில் ஓட்டெடுப்பு நடந்தது. மூன்றே ஓட்டு வித்தியாசத்தில் வாஷிங்டனின் பதவி தப்பியது!

1883 மே 24ம் தேதி பாலம் திறக்கப்பட்டது. இரு கோபுரங்களுக்கும் நடுவே 1,595 அடி! அப்போது உலகிலேயே நீளமான தொங்கு பாலம் அதுதான். திறப்பு விழாவுக்கு முன்பே குதிரை வண்டியில் பாலத்தைக் கடந்து பார்த்தவர் எமிலி. வெற்றியின் அடையாளமாக அவர் கையில் இருந்தது என்ன தெரியுமா? ஓர் உயிருள்ள சேவல்! விழா மேடையிலும் எமிலியின் பெயரைச் சொல்லிப் பாராட்டினார்கள்.

ஆனால், ஒரு வாரத்துக்குள் பாலத்தில் நெரிசல் ஏற்பட்டு 12 பேர் இறந்தார்கள். பாலம் இடியுமோ என்று மக்கள் பயந்தார்கள். 1884ல் ஒரு சர்க்கஸ் முதலாளி 21 யானைகளை அதன் மேல் நடத்திக் காட்டினார். பாலம் கம்மென்று நின்றது!

பாலத்தின் வடிவம் மாமனாருடையது. நுட்பமான திட்டங்கள் கணவருடையவை. ஆனாலும், தான் இல்லாவிட்டால் ரோப்ளிங் என்ற பெயரே அந்தப் பாலத்தோடு சேர்ந்திருக்காது என்று பிற்காலத்தில் மகனுக்கு எழுதினார் எமிலி. அதைத் தற்பெருமை என்று யாரால் சொல்ல முடியும்?

ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு சட்டம் படித்து, 1899ல் சான்றிதழ் வாங்கினார். மனைவிகளுக்குச் சட்டத்தில் உள்ள குறைகளைப் பற்றிக் கட்டுரையும் எழுதினார். 1903 பிப்ரவரி 28ம் தேதி காலமானார். நோயாளி என்று ஒதுக்கப் பார்த்தார்களே, அந்த வாஷிங்டன் 1926 வரை வாழ்ந்தார். எமிலியின் பெயர் பொறித்த வெண்கலப் பலகை, 1951ல் பாலத்தில் பதிக்கப்பட்டது.