பித்தளைக் காசில் நீரோ

ரோம் பற்றி எரிந்தபோது பிடில் வாசித்தவன் என்ற ஒற்றை வரியோடு நீரோவின் கதையை நாம் முடித்துவிடுகிறோம். அக்காலத்தில் பிடிலே கிடையாது. கி.பி. 64-இல் தீ மூண்டபோது அவன் ஆன்டியம் நகரில் இருந்தான் என்றும், திரும்பி வந்து வீடிழந்தோருக்குத் தன் தோட்டங்களைத் திறந்துவிட்டான் என்றும் டாசிடஸ் எழுதியிருக்கிறார். நீரோவை நல்லவனாக்க இதைச் சொல்லவில்லை. தாயைக் கொல்வித்தவன் அவன். ஆனால், தான் எவ்வாறு அறியப்பட வேண்டுமென அவன் விரும்பினான் என்பதற்கு அவனுடைய காசுகளே நேரடிச் சான்று.

37-இல் பிறந்த நீரோ, 54-இல் தன் 16-ஆம் வயதில் அரியணை ஏறினான். தொடக்ககாலப் பொற்காசுகளில் அவனும் தாய் அக்ரிப்பினாவும் ஒருவரையொருவர் எதிர்நோக்குகின்றனர். விரைவிலேயே தாயின் முகம் மகனுக்குப் பின்னால் ஒதுங்கியது. பிறகு மறைந்தே போனது. 59-இல் அவள் கொல்லப்பட்டாள்.

ரோம் நாணயச்சாலையில் அவனுடைய பித்தளை, செப்புக் காசுகள் ஆட்சியின் பிற்பகுதியில்தான் பெருமளவில் அச்சாயின. சந்தையில் அன்றாடம் கைமாறியவை இவையே. உள்ளங்கையில் கனக்கும் செஸ்டர்ஷியஸ் என்னும் பித்தளைக் காசொன்றில் ஓஸ்டியா துறைமுகமே அடங்கியிருக்கிறது: வளைந்த அலைத்தடுப்புச் சுவர்கள், நடுவே கப்பல்கள், கீழே சாய்ந்து கிடக்கும் நீர்த்தெய்வம். துறைமுகப் பணியைத் தொடங்கியவர் முந்தைய பேரரசர் கிளாடியஸ். பெயரைத் தட்டிச் சென்றவன் நீரோ. (இவ்வழக்கம்தான் எத்தனை பழையது!) இன்னொரு காசில் ஜானுஸ் கோயிலின் மூடிய கதவுகள். எங்கும் போரில்லை என்பது அதன் பொருள். அக்காசு புழக்கத்தில் இருக்கும்போதே, 66-இல், யூதேயாவில் கிளர்ச்சி வெடித்தது.

சிறிய காசொன்றில், நீண்ட அங்கியணிந்து யாழ் மீட்டும் உருவம். அது அப்போலோ தெய்வம் எனலாம். ஆனால், யாழிசைக் கலைஞனாக நீரோ தன்னையே காசில் பொறித்துக்கொண்டதாக சூட்டோனியஸ் கூறுகிறார். பேரரசன் மேடையேறிப் பாடுவதை ரோமின் மேட்டுக்குடியினர் இழிவெனக் கருதினர்; அவனுக்கோ அதுவே பெருமை. அதே ஆண்டுகளில் வெள்ளிக் காசின் எடையும் தூய்மையும் குறைக்கப்பட்டன. அதை எந்தக் காசும் சொல்லவில்லை.

68-இல் படைகள் கிளர்ந்தெழுந்தன. செனட் அவனைப் பகைவன் என அறிவித்தது. 30 வயதில் தற்கொலை செய்துகொண்டான். அந்தக் கொந்தளிப்பில், செனட்டையும் ரோம மக்களையும் குறிக்கும் நான்கு லத்தீன் எழுத்துகள் அவனுடைய காசுகள் சிலவற்றின் மீது முத்திரையாக அடிக்கப்பட்டன. கழுத்தில் அந்தத் தழும்போடு நீரோ சந்தையில் தொடர்ந்து கைமாறினான்.